வாயடைத்த அலாரம்

புதுசா சேந்திருக்கிற பிள்ளைகளுக்கு ரெண்டு பக்கம் எழுதிக் குடுங்கன்னு ஆபீஸ்ல கேட்டாங்க. கூடவே, "கொஞ்சம் உற்சாகமா இருக்கட்டும் மேடம்"னு ஒரு வாலையும் ஒட்டி விட்டாங்க. உற்சாகம் வேணும்னா வேற ஆளப் பாருங்கப்பா. முப்பது வருஷத்துக்கு மேல மதுரையிலயே உக்காந்து கம்ப்யூட்டர் கோடு எழுதின பொம்பள நான். நல்லா எழுதினதெல்லாம் மறந்துபோச்சு. மறக்காம இருக்கிறது ஒரே ஒரு வரி. அத விட்டுட்டு மத்தத எழுதினா பொய்யி. அதனால அதையே எழுதுறேன், பிடிச்சா படிங்க.

அப்ப நம்ம கம்பெனியில "அழைப்பு மணி" மாதிரி ஒரு ஆப் செஞ்சோம். படுத்த படுக்கையா இருக்கிறவங்க போன் திரையில ஒரு பெரிய பட்டனத் தொட்டா, வீட்ல இருக்கிற இன்னொரு போன் அடிக்கும். அம்புட்டுத்தான். ஒரே கோடு, எல்லா வகைப் போனுலயும் ஓடும். அதுதான் எங்களுக்குப் பெருமை.

ஒரு நாள் உதவி எண்ணுக்கு ஒரு போன் வந்துச்சு. திருமங்கலத்துல இருந்து, பேரு செல்வராணின்னு சொன்னா. எடுத்த எடுப்புல, "அக்கா, எங்க போனுக்குள்ள ஒரு பேனா சொருகி இருக்கு. அந்தப் பேனாவுல ஒரு பட்டன் இருக்கு. அது எதுக்கு?"ன்னு கேட்டா.

வெளிநாட்டுல இருக்கிற அவ அண்ணன் மகன், பழசானதும் குடுத்துட்டுப் போன பெரிய போனு அது. எழுதுறதுக்கு ஒரு பேனா கூடவே இருக்கும். பேனாவுல உள்ள பட்டன, போனத் தொடாமலே தூரத்துல இருந்து அமுக்கலாம். பெரும்பாலும் போட்டோ எடுக்கத்தான் அத வச்சிருந்தாங்க. நான் அதச் சொன்னேன்.

"அப்ப அத அமுக்குனா என்னையக் கூப்புடுற மாதிரி செய்ய முடியுமாக்கா? எங்க வீட்டுக்காரருக்கு வாதம் அடிச்சு வாய் பேச்சு போச்சு. வலது கையில கட்டைவிரல் ஒண்ணுதான் சொன்னபடி கேக்குது. திரையத் தொடச் சொன்னா கை நடுங்குது. பட்டன்னா அமுக்கிருவாக."

முடியும்னு சொல்லிட்டேன். சொல்லிட்டுத்தான் எப்படின்னு யோசிச்சேன். மூணு வாரம் ஆச்சு. அந்தப் பேனா அந்த ஒரு வகைப் போனுக்கு மட்டும் உள்ள சமாச்சாரம், எங்க கோடோ எல்லாப் போனுக்கும் பொதுவானது. நடுவுல ஒரு பாலம் கட்டணும். எப்படிக் கட்டினேன்னு சொல்லி உங்களக் கொட்டாவி விட வைக்க மாட்டேன். கட்டினேன், வேலை செஞ்சது, திருமங்கலத்துக்கு நானே பஸ் ஏறிப் போனேன்.

ரெண்டு ரூம் வீடு. முன்னாடி ரூம்ல தையல் மிஷின் போட்டு ஜாக்கெட் தைக்கிறா செல்வராணி. உள் ரூம்ல கட்டில்ல அவ வீட்டுக்காரர். மினி பஸ்ல கண்டக்டரா இருந்தவரு. சுத்துப்பட்டு ஊருக்கெல்லாம் அவரத் தெரியும், எல்லாரும் கண்டக்டர்னுதான் கூப்புடுவாங்க, நானும் அப்படியே சொல்றேன். மிஷின் ஓடுற சத்தத்துல அவரு முனகுனா இவளுக்குக் கேக்காது. ஒரு தடவ இவ தச்சுக்கிட்டே இருக்க, அவரு தண்ணிக்கு அரை மணி நேரம் முனகிக்கிட்டே கெடந்திருக்காரு. அதச் சொல்லும்போது அவ கண்ணு கலங்கிருச்சு.

போன மிஷின் மேல வச்சோம். பேனா அவரு கையில. ஒரு அமுக்குக்கு என்ன சத்தம், ரெண்டு அமுக்குக்கு என்ன சத்தம்னு கேட்டேன். கண்டக்டர் உதட்டக் குவிச்சாரு, ஒண்ணும் வரல. செல்வராணிக்குப் புரிஞ்சிருச்சு. பீரோவத் தெறந்து அவரோட விசில எடுத்தா. பஸ்ஸுல ஒரு விசில் அடிச்சா வண்டி நிக்கணும், ரெண்டு விசில்னா ரைட்டு, போலாம். அதையே வச்சுக்கிட்டோம். ஒரு விசில்னா "நில்லு, உள்ள வா". ரெண்டு விசில்னா "நான் நல்லாத்தான் இருக்கேன், நீ உன் வேலையப் பாரு."

விசில அவளத்தான் ஊதச் சொல்லிப் பதிவு பண்ணேன். பதினேழு வருஷக் கல்யாணத்துல அத அவ ஊதுனதே இல்லையாம். மொத ஊதல்ல வெறும் காத்துதான் வந்துச்சு. கண்டக்டர் பாதி வாயால சிரிச்ச சிரிப்பு இருக்கே, யம்மா, குலுங்கிப் போயிட்டாரு மனுசன். "சிரிங்க சிரிங்க, ஒங்களுக்கு டிக்கெட் கெடையாது, எறங்குங்க"ன்னு அவ வைய, அவரு பேனாவ ரெண்டு தடவ அமுக்குனாரு. மிஷின் மேல போன் ரெண்டு விசில் அடிச்சது. ரைட்டு. நான் பார்த்த வேலையிலேயே அந்த ஒரு நிமிஷத்துக்குத்தான் நான் பெருமப்பட்டேன்.

பேனா கையில இருந்து நழுவுதுன்னு ஜாக்கெட் துணியில ஒரு பட்டி கிழிச்சு, கட்டைவிரலுக்குக் கீழ பட்டன் வர்ற மாதிரி கட்டி விட்டா. என் கண்ணு முன்னாடிதான் கட்டினா. இத ஞாபகம் வச்சுக்கங்க.

இன்னொண்ணும் ஞாபகம் வச்சுக்கங்க. அந்தப் பேனாவுக்குத் தனியா சார்ஜர் கெடையாது. போனுக்குள்ள சொருகி வச்சாத்தான் சார்ஜ் ஏறும். வெளியவே வச்சிருந்தா சில மணி நேரத்துல தீந்துரும். அதச் சொல்லித்தான் வந்தேன். காலையில, மத்தியானம், ராத்திரி சோறு ஊட்டும்போது பேனாவ அவுத்து போனுல சொருகிரு, மாத்திரை மாதிரி மூணு வேளைன்னு சொன்னேன். அப்படியும் மறந்துட்டா? அதுக்கும் ஒரு ஏற்பாடு வச்சிருந்தேன். பேனா இணைப்பு அறுந்தா போன் திரையில எழுத்து வரும், சத்தமும் வரும். நான் ஒண்ணும் மடச்சி இல்ல. மொதல்ல எல்லாத்தையும் சரியாத்தான் செஞ்சிருந்தேன்.

நாலு மாசம் நல்லா ஓடுச்சு. செல்வராணி அப்பப்ப போன் பண்ணுவா. "நேத்து ரைட்டு ரைட்டுன்னு இருவது தடவ அடிச்சிட்டாகக்கா, கஸ்டமருக்கு அளவெடுக்க விடல"ன்னு அலுத்துக்குவா. அது அலுப்பு இல்லைன்னு ரெண்டு பேருக்கும் தெரியும்.

இந்தக் கதைய நான் ஆபீஸ்ல சொல்லப் போக, மேனேஜருக்குப் பிடிச்சுப்போச்சு. பேனா வசதிய எல்லாருக்கும் குடுத்துருவோம்னு சொன்னாரு. குடுத்தோம். மறுநாளே வசவு வந்துச்சு. என்னன்னா, பேனாவே இல்லாத போனுலயும் "பேனா இணைப்பு இல்லை"ன்னு எழுத்து வருது, கூடவே சத்தம். "எங்ககிட்ட ஏதுடா பேனா"ன்னு ஆளாளுக்கு ஒத்த ஸ்டார் குடுத்துக் கிழிச்சாங்க. ஒருத்தரு ஆஸ்பத்திரியில அம்மா பக்கத்துல உக்காந்திருக்கையில போன் கத்திருச்சாம். அவரு எழுதினத இங்க எழுத முடியாது.

நடந்தது என்னன்னா, என் பாலத்துல ஒரு ஓட்டை. பேனாவே இல்லாத போனும், பேனா இருந்து இணைப்பு அறுந்த போனும், பொதுக் கோடுக்கு ஒரே பதிலத்தான் அனுப்பும்: பேனா இல்ல. இல்லாதது வேற, இருந்து போனது வேற. ரெண்டையும் பிரிச்சு எழுதணும்னா குறைஞ்சது ரெண்டு நாள் வேணும்.

அன்னைக்கு வெள்ளிக்கிழமை, சாயங்காலம் நாலு மணி. மேனேஜர் என் நாற்காலிக்குப் பின்னாடி வந்து நின்னுக்கிட்டாரு. கெட்ட மனுசன் இல்ல, அவருக்கு மேல எவனோ அவரக் கடிச்சுக்கிட்டு இருந்தான்.

"மேடம், மொதல்ல அந்தச் சத்தத்த நிறுத்துங்க. மிச்சத்த திங்கக்கிழமை பாத்துக்கலாம்."

"நிறுத்தினா எல்லாருக்கும் நிக்கும் சார்."

"பேனா வச்சிருக்கிறவங்க எத்தன பேரு மேடம்? விரல் விட்டு எண்ணிரலாம்."

எண்ணிரலாம்தான். அதுல ஒரு விரல் யாருதுன்னு எனக்குத் தெரியும். அங்கயே எந்திரிச்சு, முடியாது சார்னு சொல்லியிருக்கணும். சொல்லல. இணைப்பு அறுந்தா என்ன செய்யணும்னு எழுதியிருந்த இடத்துல, எழுதியிருந்ததெல்லாத்தையும் அழிச்சு காலியா விட்டேன். மேல ஒரு குறிப்பு: "தற்காலிகம். திங்கள் சரி செய்யணும்." அத எல்லாப் போனுக்கும் அனுப்பிட்டேன். அஞ்சே முக்காலுக்கு ஸ்கூட்டிய எடுத்துக்கிட்டு கீழக்குயில்குடிக்கு வீட்டுக்குப் போய்ச் சேந்தேன். வழியில சமணமலைப் பக்கம் மழ பிடிச்சுக்கிச்சு, நனைஞ்சேன். அதுதான் அன்னைக்கு என் கவல.

திங்கக்கிழமை டெஸ்டிங் பாக்குற ஷாகிதா என்கிட்ட வந்தா. நெல்பேட்டைப் பொண்ணு, வாய்த்துடுக்கு ஜாஸ்தி, எனக்கு ரொம்பப் பிடிக்கும்.

"அக்கா, பேனாவ போனுல திரும்பச் சொருகாம வெளியவே விட்டா என்ன ஆகும்? இப்ப இணைப்ப அறுத்துப் பாத்தா ஒரு சத்தமும் வரமாட்டேங்குது."

"நீ சொருகாமயா விட்ட?"

"இல்ல, நாங்க சோதிச்சதும் சொருகிருவோம். பேனா தொலஞ்சா மேனேஜர் தோல உரிச்சிருவாருல்ல. சும்மா தோணுச்சு, அதான் கேட்டேன். யாராச்சும் வெளியவே வச்சிருந்தா?"

"யாருடி பேனாவ நாள் முழுக்க வெளிய வச்சுக்கிட்டு இருக்கப் போறா?"

கேட்டது நான். துணிப்பட்டியால கட்டினதப் பக்கத்துல நின்னு பார்த்த அதே நான். வாய் அந்த வார்த்தையச் சொல்லும்போது கண்டக்டர் ஞாபகத்துக்கே வரல, சத்தியமா. வேற ஒரு வேலை மேல வந்து விழுந்திருந்துச்சு, ஷாகிதாவ எப்படியாச்சும் அனுப்பணும், அம்புட்டுத்தான் மனசுல. இதப் பத்தி அவ பதிஞ்சு வச்சிருந்த புகார "நடைமுறையில் நிகழாது"ன்னு போட்டு மூடிட்டேன். எங்க ஆபீஸ்ல ஒருத்தரும் அந்தப் பேனா தீந்துபோய்ப் பார்த்ததே இல்ல. ஏன்னா நாங்க எல்லாரும் ஒழுங்கானவங்க. எடுத்தா எடுத்த இடத்துல வைப்போம்.

அடுத்த வாரம் புதன்கிழமை கண்டக்டர் செத்துப்போயிட்டாரு. எனக்கு வெள்ளிக்கிழமைதான் தகவல் வந்துச்சு. போனேன்.

அவரு போன புதன்கிழமை, கல்யாண வீட்டு ஜாக்கெட்டு பதினொன்னு, சாயங்காலத்துக்குள்ள குடுக்கணும்னு செல்வராணி மிஷின விட்டு எந்திரிக்கல. மத்தியானச் சோறு தள்ளிப் போச்சு. நாலு மணிக்குத் தட்டோட உள்ள போயிருக்கா. உடம்பு சில்லுன்னு இருந்திருக்கு. வந்து பார்த்த டாக்டர், உசுரு போயி ஒரு மணி நேரத்துக்கு மேல ஆச்சு, திரும்ப வாதம் அடிச்சிருக்கும்னு சொல்லியிருக்காரு.

செல்வராணி என் கையப் பிடிச்சுக்கிட்டா.

"ஒரு விசில் அடிக்கலக்கா. ரைட்டும் அடிக்கல. தூங்குறாகன்னு நெனச்சேன். தூக்கத்துலயே போயிட்டாக. போர்வ மட்டும் ஃபேன் காத்துல கீழ விழுந்து கெடந்துச்சு. வலிச்சிருந்தா அடிச்சிருப்பாகல்ல? அடிக்கலையே. ஒங்க பேனா இருக்கப் போயித்தான் எனக்கு அது தெரியுது. இல்லைன்னா, என்னையக் கூப்புட்டாகளோ என்னமோன்னு சாகுறவரைக்கும் உறுத்திக்கிட்டே கெடந்திருப்பேன்."

ஆப்புல இருக்கிற கணக்க மூடித் தரேன்னு ஏதோ ஒரு சாக்கு சொல்லி போன வாங்கிப் பார்த்தேன். ஆப் எழுதி வச்சிருந்த பதிவுல புதன்கிழமை மத்தியானம் ஒண்ணே முக்காலுக்கு ஒரு வரி: பேனா இணைப்பு அறுந்தது. அதுக்குக் கீழ ஒண்ணும் இல்ல. காலியா இருந்துச்சு, நான் விட்ட இடம் மாதிரியே.

"என்னக்கா?"ன்னு கேட்டா.

"ஒண்ணுமில்ல செல்வராணி. நீ சொன்னது சரிதான். அடிக்கல."

அவ என் தோள்ல சாஞ்சுக்கிட்டா. நான் அவ தலையத் தடவிக் குடுத்தேன். என்ன பொம்பள நானு!

மறுநாள் லீவு, இருந்தாலும் ஆபீஸ் போயி உக்காந்தேன். ரெண்டு நாள் வேலை அது, ரெண்டே நாள்ல முடிஞ்சது. பேனாவே இல்லாத போன் இனிமே வாயே தெறக்காது. ஒரு தடவையாச்சும் பேனாவோட பேசின போனு, இணைப்பு அறுந்தா சும்மா இருக்காது, பேனாவ எடுத்துச் சொருகுறவரைக்கும் ரெண்டு நிமிஷத்துக்கு ஒரு தடவ கத்தும். சத்தம் மட்டும் பத்தாதுன்னு ஷாகிதா குரலப் பதிவு பண்ணி வச்சேன்: "பேனா இணைப்பு போயிருச்சு. உடனே போய்ப் பாருங்க." அவ ஏன்னு கேட்கல. மூடின புகார அவளே திரும்பத் தெறந்து, சரியாயிருச்சுன்னு எழுதினா. அந்த வாரமே எல்லாப் போனுக்கும் அனுப்பிட்டோம். ஆப்புகள் தானாவே புதுசாயிக்கிரும், உங்களுக்குத் தெரியாததா.

இங்க நிறுத்தி ஒண்ணு சொல்லிக்கிறேன், ஏன்னா அறிவுரை வேணும்னு கேட்டிருக்காங்க. உங்ககிட்டயும் ஒரு வெள்ளிக்கிழமை நாலு மணி வரும். சத்தம் அசிங்கமா இருக்கு, நிறுத்துன்னு யாராச்சும் பின்னாடி வந்து நிப்பாங்க. அந்தச் சத்தத்த யாரு நம்பிக்கிட்டு இருக்கான்னு ஒரு முகத்த நெனச்சுப் பாருங்க. நெனைக்க முடிஞ்சா கைய எடுத்துருங்க. வேலை போனாலும் பரவாயில்ல. இதச் சொல்ல எனக்கு யோக்கியத இல்ல, ஆனாலும் சொல்றேன்.

இப்ப மிச்சத்தக் கேளுங்க. பத்து நாள் கழிச்சு, பகல் பதினோரு மணி இருக்கும், வேற ஏதோ நம்பர்ல இருந்து போன் வந்துச்சு.

"அக்கா, செல்வராணி பேசுறேன். ஜாக்கெட் வாங்க வந்த பிள்ளகிட்ட போன் வாங்கிப் பேசுறேன். எங்க போன் காலையில இருந்து கத்துது."

அவ சொல்லி முடிக்கல, பின்னாடி ஷாகிதா குரல் எனக்கே கேட்டுச்சு. பேனா இணைப்பு போயிருச்சு. உடனே போய்ப் பாருங்க.

அந்த போனுல ஆப் இன்னும் இருக்கும்ங்கிறத நான் யோசிக்கவே இல்ல. புது ஆப் அந்தப் போனுக்கு அன்னைக்குக் காலையிலதான் போய்ச் சேந்திருக்கு, பேனா அவரோட விசில் பக்கத்துல பீரோவுல கெடந்திருக்கு. கத்துன்னு நான் எழுதின கோடு, சரியா எழுதின கோடு, துக்க வீட்டுல போயி தன் வேலையச் செஞ்சுக்கிட்டு இருக்கு.

"போய்ப் பாருங்கன்னு சொல்லுதுக்கா"ன்னா செல்வராணி. "எங்கக்கா போய்ப் பாக்க?"

அவளே அடுத்ததையும் கேட்டா.

"பேனாவ சொருகாம விட்டா இப்படிக் கத்துமாக்கா?"

"ஆமா."

"அன்னைக்கு மத்தியானம் நான் சொருகல. தச்சுக்கிட்டே இருந்துட்டேன். அப்ப அன்னைக்கே பேனா செத்துப் போயிருந்துச்சா?"

இன்னொரு பொய் சொல்லியிருக்கலாம். நாக்கு நுனி வரைக்கும் வந்துச்சு. பின்னாடி திரும்பவும் அந்தக் குரல் கத்தவும், என்னால முடியல.

"ஆமா செல்வராணி. ஒண்ணே முக்காலுக்கே போயிருச்சு. அப்பவே கத்தியிருக்கணும். கத்தாதபடி செஞ்சது நான். ஓந் தப்பு இல்ல. முழுக்க முழுக்க என் தப்பு. துக்கத்துக்கு வந்தன்னைக்கே எனக்குத் தெரியும், ஒங்கிட்ட மறைச்சிட்டேன்."

வையிவா, மண்ண வாரித் தூத்துவான்னு காத்துக்கிட்டு இருந்தேன். வைஞ்சிருந்தா நல்லா இருந்திருக்கும்.

"அந்தப் போர்வ ஃபேன் காத்துல விழலக்கா"ன்னு மட்டும் மெதுவாச் சொன்னா.

அப்பறம் கேட்டா, "எத்தன தடவ அமுக்கியிருப்பாக?"

"தெரியல."

"ஒங்க கம்ப்யூட்டர்ல இருக்குமே. எல்லாம் பதிவாகும்னு சொன்னீகளே."

"இருக்காது செல்வராணி. செத்த பேனாவ எத்தன தடவ அமுக்கினாலும் எங்கயும் பதியாது."

ஜாக்கெட் வாங்க வந்த பிள்ள ஏதோ கேக்குறது கேட்டுச்சு. இவ "இந்தா தாரேன், இரு"ன்னு சொன்னா.

"செல்வராணி, அந்த ஆப்ப எடுத்துரு. சத்தம் நின்னுரும். எப்படி எடுக்கணும்னு நான் சொல்றேன். இல்ல, இப்பவே பஸ் ஏறி வாரேன்."

"வர வேணாம்க்கா. எடுக்கவும் வேணாம். கத்தட்டும்"னு சொல்லி வச்சிட்டா.

அதுக்கப்பறம் நான் எத்தனையோ தடவ போன் பண்ணிட்டேன், எடுக்கல. நேர்லயும் ரெண்டு தடவ போனேன். உள்ள மிஷின் ஓடுற சத்தம் கேட்டுச்சு, கதவு தெறக்கல. எந்தெந்தப் போனுல ஆப் ஓடுதுன்னு காட்டுற பக்கம் ஒண்ணு நம்ம ஆபீஸ்ல உண்டு, நீங்களும் தினமும் பாப்பீங்க. ரிட்டயர் ஆன அன்னைக்கு, மாலை போட்டு கேக்கெல்லாம் வெட்டி முடிச்சப்பறம், கடைசியா ஒரு தடவ அந்தப் பக்கத்தத் தெறந்தேன். திருமங்கலத்துல ஒரு போன் அப்பவும் ஓடிக்கிட்டு இருந்துச்சு. பேனா இணைப்பு இல்லைன்னு, ரெண்டு நிமிஷத்துக்கு ஒரு வரி.